கெல்லி கும்பலின் கதை (1906): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன படம்?

ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்தின் காலின்ஸ் தெருவில் உள்ள அதீனியம் அரங்கில், 1906 டிசம்பர் 26 அன்று திரைக்கு வந்த மௌனப்படம். பெயர் 'தி ஸ்டோரி ஆஃப் தி கெல்லி கேங்'. நெட் கெல்லி, அவன் தம்பி டான், கூட்டாளிகள் ஜோ பைர்ன், ஸ்டீவ் ஹார்ட் என்று நான்கு இளைஞர்கள் விக்டோரியா மாகாணப் போலீசுக்கு இருபது மாதம் தண்ணி காட்டி, கடைசியில் ஒரு ரயிலடி விடுதியில் முடிந்துபோன உண்மைக் கதை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இன்று கையில் இருப்பது சுமார் 17 நிமிடம்.

உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் இதுதான் என்கிறார்களே, உண்மையா?

'கதை' என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டால் உண்மை. நீளத்தை மட்டும் பார்த்தால் இதற்கு முன்பே ஆள் உண்டு. 1897-இல் அமெரிக்காவின் கார்சன் சிட்டியில் கார்பெட்டும் ஃபிட்ஸ்சிம்மன்ஸும் மோதிய குத்துச்சண்டையை முழுசாகப் படம்பிடித்தார்கள். அது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஆனால் அங்கே கேமரா செய்தது வேடிக்கை பார்க்கும் வேலை. கதையை யாரும் கட்டவில்லை, யாரும் நடிக்கவும் இல்லை.

கதை சொன்ன படங்களோ அப்போது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. 1903-இல் உலகைக் கலக்கிய அமெரிக்க ரயில் கொள்ளைப் படமே சுமார் 12 நிமிடம்தான். அதோடு ஒப்பிட்டால் கெல்லி படம் ஐந்து மடங்கு. 2007-இல் யுனெஸ்கோ தன் 'உலக நினைவகம்' பதிவேட்டில் இதைச் சேர்த்துக்கொண்டதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

'முதல்' பட்டம் யாருக்கு என்ற சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அன்றைய நிலையில் ஒரு மணி நேரக் கதையை எப்படித் துணிந்து எடுத்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி. என் பதில் இது: கதையைச் சொல்ல வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. கூத்து பார்க்க உட்கார்ந்தவருக்குத் துரியோதனன் யார் என்று அறிமுகம் செய்ய வேண்டுமா? மெல்போர்னில் நெட் கெல்லியும் அப்படித்தான். நெட்டைத் தூக்கிலிட்டு 26 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கொட்டகையில் இருந்தவர்களில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் அந்தச் செய்திகளைப் பத்திரிகையில் சுடச்சுடப் படித்த ஞாபகம் இருந்திருக்கும். படம் நீளமானதற்கும், பின்னால் தடையானதற்கும் வேர் ஒன்றுதான். அந்தக் கதை இன்னும் ஆறவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

படச்சுருளின் நீளத்தை வைத்து. சுமார் 4,000 அடி என்று பதிவாகியிருக்கிறது. 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள் (ஃபிரேம்கள்). கைப்பிடியைச் சுழற்றி நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டம் என்ற வேகத்தில் ஓட்டினால் நொடிக்கு ஓர் அடி. ஆக 4,000 நொடி, கிட்டத்தட்ட 67 நிமிடம். ஓட்டுபவர் கொஞ்சம் அவசரக்காரராக இருந்தால் குறையும். இடையில் சுருள் மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் கூடும்.

நெட் கெல்லி யார்? கொள்ளைக்காரனா, போராளியா?

இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலியர்களே இன்றுவரை ஒரே குரலில் பதில் சொன்னதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா ஜான் கெல்லி அயர்லாந்துக்காரர். தண்டனைக் கைதியாகக் கப்பலேற்றப்பட்டு, இன்றைய டாஸ்மேனியாவில் இறக்கப்பட்டவர். விடுதலைக்குப் பிறகு விக்டோரியாவுக்கு வந்து எல்லன் குவின் என்ற பெண்ணை மணந்தார். 1866-இல் அவர் இறந்தபோது, மூத்த மகன் நெட்டுக்குப் பதினொரு பன்னிரண்டு வயது. வடகிழக்கு விக்டோரியாவில் அப்போது பரந்த மேய்ச்சல் நிலங்கள் பெரிய பண்ணையார்கள் கையில். அரசிடம் சிறு துண்டு நிலம் வாங்கித் தவணை கட்டிக்கொண்டிருந்த அயர்லாந்து ஏழைகள் ஒரு பக்கம். குதிரை காணாமல் போனால் போலீஸ் நேரே போய்த் தட்டும் கதவுகள் இந்த ஏழைகளுடையவை. தட்டியது பலமுறை சரியான கதவுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெல்லி வீட்டுப் பிள்ளைகள் குதிரைத் திருட்டில் சளைத்தவர்கள் இல்லை.

1878 ஏப்ரல் 15 அன்று ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற காவலர் டானைக் கைது செய்யத் தனியாகப் போனார். அங்கே என்ன நடந்தது என்பதில் இரு தரப்பும் இரண்டு கதை சொன்னார்கள். நெட் தன் மணிக்கட்டில் சுட்டான் என்றார் காவலர். அவர் வீட்டுப் பெண்ணிடம் தவறாக நடந்தார் என்று பேசிக்கொண்டது ஊர். தாய் எல்லனுக்கு மூன்றாண்டுச் சிறை விழுந்தது, கையில் பால்குடிக் குழந்தையோடு. தீர்ப்புச் சொன்னவர் நீதிபதி ரெட்மண்ட் பாரி. இந்தப் பெயர் மறுபடி வரும்.

அதே ஆண்டு அக்டோபர் 26. ஸ்ட்ரிங்கிபார்க் கிரீக் என்ற ஓடைக்கரையில், இவர்களைத் தேடி முகாமிட்டிருந்த நான்கு போலீசாரை இவர்கள் முந்திக்கொண்டு வளைத்தார்கள். லோனிகன், ஸ்கேன்லன், கென்னடி மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மெக்கிண்டயர் என்பவர் மட்டும் தப்பினார். அதன் பிறகு கண்ட இடத்தில் யாரும் சுடலாம் என்று சட்டமே போட்டார்கள். தலைக்கு வைத்த பரிசு ஏறி ஏறி 8,000 பவுண்டில் நின்றது.

டிசம்பரில் யூரோவா ஊரின் வங்கியைக் கொள்ளையடித்து 2,000 பவுண்டுக்கு மேல் எடுத்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் ஜெரில்டெரி ஊருக்குள் புகுந்து போலீசாரையே லாக்கப்பில் பூட்டி, அவர்கள் சீருடையை மாட்டிக்கொண்டு ஊரில் உலாவினார்கள். அங்கே நெட் தந்துவிட்டுப் போன கடிதம் சுமார் 8,000 சொற்கள். அவன் சொல்லச் சொல்ல ஜோ பைர்ன் எழுதியது. போலீசைத் திட்டுவதில் அந்தக் கடிதம் காட்டும் கற்பனை வளத்தைப் பார்த்தால், இந்த ஆள் வேறு காலத்தில் பிறந்திருந்தால் வசனம் எழுதியே பிழைத்திருப்பான் என்று தோன்றும்.

1880 ஜூன் 26 அன்று, உளவு சொல்வதாகச் சந்தேகப்பட்டு ஏரன் ஷெரிட் என்ற பழைய நண்பனை அவன் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். செய்தி பரவினால் மெல்போர்னிலிருந்து போலீஸ் ரயிலில் வரும், அதைக் கவிழ்த்துவிடலாம் என்பது திட்டம். கிளென்ரோவன் ஊரருகே தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, ஊராரை விடுதியில் அடைத்து வைத்துக் காத்திருந்தார்கள். தாமஸ் கர்னோ என்ற பள்ளி ஆசிரியர் நெட்டிடம் நயமாகப் பேசி வீட்டுக்குப் போக அனுமதி வாங்கி, மெழுகுவர்த்தியையும் சிவப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு ஓடி ரயிலை நிறுத்தினார். ஜூன் 28 அன்று எல்லாம் முடிந்தது. ஜோ, டான், ஸ்டீவ் மூவரும் இறந்தார்கள். விடுதி எரிந்தது. பணயமாக இருந்தவர்களிலும் உயிர்ப்பலி உண்டு, விடுதி நடத்திய பெண்ணின் மகன் உட்பட. நெட் மட்டும் உயிரோடு பிடிபட்டான். தூக்குத் தண்டனை விதித்தவர் அதே ரெட்மண்ட் பாரி. 1880 நவம்பர் 11 அன்று மெல்போர்ன் சிறையில் தூக்கு. வயது 25.

அந்த இரும்புக் கவசம் சினிமாக்காரர்கள் கட்டிவிட்டதா?

இல்லை. சினிமாக்காரன் யோசித்திருந்தால் அவ்வளவு விநோதமாக வந்திருக்காது. இரும்புக் கலப்பையின் மண் புரட்டும் தகடுகளை நெருப்பில் காய்ச்சி, தட்டி வளைத்துச் செய்தது. நெட்டின் கவசம் கிட்டத்தட்ட 44 கிலோ. தலைக்கு ஒரு வாளியைக் கவிழ்த்தாற்போல் இரும்புக் கூடு, கண்ணுக்கு ஒரு நீளக் கீற்று. கால்களுக்கு எதுவும் இல்லை. போலீஸ் அங்கேதான் சுட்டு வீழ்த்தியது. அந்தக் கவசம் இப்போது மெல்போர்னில் விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கிறது. ஜெரில்டெரி கடிதமும் அங்கேதான்.

படத்தை எடுத்தவர்கள் யார்?

இரண்டு ஜோடி. ஜான் டெய்ட், நெவின் டெய்ட் சகோதரர்கள் கச்சேரிகளும் படக்காட்சிகளும் நடத்தும் அரங்கத் தொழில்காரர்கள். மில்லார்ட் ஜான்சன், வில்லியம் கிப்சன் இருவரும் வேதியியலோடு தொடர்புள்ளவர்கள், கேமராவும் ஓட்டும் கருவியும் கைவந்தவர்கள். டெய்ட் குடும்பத்து மூத்தவர் சார்லஸ் டெய்ட் இயக்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. அவருடைய அன்றாட வேலை ஒரு பெரிய இசைக்கருவி நிறுவனத்தில். இதற்கு முன்னும் பின்னும் அவர் படம் இயக்கியதில்லை.

'இயக்குநர்' என்று தனியாக ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வைக்கும் வழக்கம் அப்போது வேரூன்றவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். யார் நிற்க வேண்டும், யார் சுட வேண்டும் என்று யாராவது ஒருவர் கத்தியாக வேண்டும். அதைச் சார்லஸ் செய்தார்.

செலவு 400 பவுண்டிலிருந்து 1,000 பவுண்டு வரை பலவாறாகச் சொல்லப்படுகிறது. வசூல் 25,000 பவுண்டு என்பது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தொகை. இந்த மாதிரிக் கணக்குகளை எந்த ஊர்த் தயாரிப்பாளர் சொன்னாலும் கொஞ்சம் தள்ளுபடி போட்டே கேட்பது என் பழக்கம். ஆனால் படம் பெரும் லாபம் பார்த்தது என்பதில் தகராறு இல்லை.

எங்கே எடுத்தார்கள்?

மெல்போர்னின் புறநகர்களில். ஹைடல்பர்க்கில் சார்லஸின் மனைவி எலிசபெத்தின் குடும்பத்துக்கு சார்ட்டரிஸ்வில் என்ற பண்ணை இருந்தது. யூகலிப்டஸ் மரம், வேலி, குதிரை, கொட்டில் எல்லாம் தயார். பெரும்பகுதி அங்கே. சில காட்சிகள் எல்தம், கிரீன்ஸ்பரோ, மிட்சம் பக்கம். ரயில்வே துறை ஒரு ரயிலையே கொடுத்து உதவியது. மற்றவர்களுக்கும் வேறு வேலை இருந்ததால் ஓய்வு நாள்களில் கூடிக்கூடி, ஆறு மாதம் போல இழுத்து முடித்தார்கள். டெய்ட் வீட்டு ஆட்கள் பலரும் வேடம் கட்டினார்கள். நெட்டின் தங்கை கேட் கெல்லியாக எலிசபெத்தே நடித்தார் என்பது குடும்பத்தார் சொல்லிவந்த செய்தி.

வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளுக்கு விளக்கு வசதி கிடையாது. வெட்டவெளியில் கித்தான் தட்டியை நிறுத்தி, அதில் சுவரும் சன்னலும் வரைந்து, வெயிலில் நடித்தார்கள். நாடக மேடையைக் கூரை பிய்த்துக் காட்டில் வைத்தது போல இருக்கும்.

நெட் கெல்லியாக நடித்தவர் யார்?

உலகின் முதல் முழுநீளக் கதைப்படத்தின் கதாநாயகன் பெயர் உறுதியாகத் தெரியாது! வழிவழியாக வந்த கதை இப்படி: பிளாண்ட் ஹோல்ட் என்பவரின் நாடகக் குழுவில் இருந்த கனடா நாட்டுக்காரர் ஒருவர் நெட்டாக நடித்தார். படம் முடிவதற்குள் மனிதர் கிளம்பிப் போய்விட்டார். மீதிக் காட்சிகளில் வேறொருவரைத் தூரத்தில் நிறுத்திச் சமாளித்தார்கள். முகத்தையே மறைக்கும் தலைக்கவசம் கதையிலேயே இருந்தது அதிர்ஷ்டம்தான். டூப் போடுவதற்கு இவ்வளவு தோதான நாயகன் பிறகு வாய்த்ததில்லை.

மௌனப்படம் என்றால் கொட்டகை அமைதியாக இருந்ததா?

நேர்மாறு. திரைக்குப் பக்கத்தில் விளக்கம் சொல்பவர் ஒருவர் நின்றார். திரைக்குப் பின்னால் ஆட்கள் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிக் குளம்பொலி எழுப்பினார்கள், வெற்றுத் தோட்டா வெடித்தார்கள். சில ஊர்களில் வசனமே பேசினார்கள். அந்த நாளைய வார இதழ் ஒன்று இந்த இரைச்சலைப் பற்றிப் புலம்பியிருக்கிறது. குதிரைச் சத்தமும் ரயில் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் தாங்கவில்லை என்று.

கூடவே ஒரு கையேடு விற்றார்கள். கதைச் சுருக்கம் காட்சிவாரியாக அதில் இருந்தது. அன்று அது வெறும் விளம்பரத் தாள். இன்று அந்தக் கையேடு கிடைக்காமல் போயிருந்தால், எஞ்சிய துண்டுகளை எந்த வரிசையில் ஒட்டுவது என்று தெரியாமல் காப்பகக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

படத்தில் கதை எப்படிப் போகிறது?

கையேட்டின்படி ஆறு பகுதிகள். போலீசார் கெல்லி வீட்டுக்கு வருவதும் கேட்டிடம் ஒரு காவலர் வம்பு செய்வதும் தொடக்கம். பிறகு ஓடைக்கரைக் கொலைகள். யங்ஹஸ்பண்ட் என்பவரின் பண்ணையில் ஆட்களைச் சிறைபிடிப்பதும் யூரோவா வங்கிக் கொள்ளையும். ஷெரிட்டின் கொலை. ரயிலைக் கவிழ்க்கும் முயற்சி. கிளென்ரோவன்.

உண்மையிலிருந்து எங்கே விலகுகிறது?

முக்கியமாக இரண்டு இடம். முதலாவது கேட். ஃபிட்ஸ்பேட்ரிக் சம்பவத்தின்போது அவளுக்கு வயது பதினைந்துகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம். படம் அவளை வளர்ந்த பெண்ணாக்கி, தங்கையின் மானம் காக்க அண்ணன் துப்பாக்கி எடுத்தான் என்று தொடங்குகிறது. மேடை நாடகங்களும் ஊர்ப்பேச்சும் முன்பே அப்படித்தான் சொல்லிவந்தன. தங்கைக்காக அண்ணன் பொங்கும் கதை எந்த மொழியிலும் சீட்டு கிழிக்க வைக்கும் என்பது நமக்குப் புதிதா என்ன?

இரண்டாவது, டானும் ஸ்டீவும் இறந்த விதம். எரிந்த விடுதிக்குள் அவர்கள் உடல் கருகிக் கிடந்தது. எப்படி இறந்தார்கள் என்பதற்கு உறுதியான சாட்சி இல்லை. படத்தில் இருவரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு சாகிறார்கள்.

அப்படியானால் படம் கொள்ளையருக்குப் பக்கத்துணையா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. போலீசார் கொல்லப்படுவதையும் காட்டுகிறது, நண்பனைச் சுடுவதையும் காட்டுகிறது. ஆனால் கேமரா யார் கூட நேரம் செலவழிக்கிறதோ அவர் பக்கம் பார்வையாளர் மனசு சாயும். ஒரு மணி நேரம் நான்கு பேருடன் குதிரையில் திரிந்துவிட்டு, கடைசியில் நூறு துப்பாக்கிக்கு எதிரே ஒருத்தன் தள்ளாடி நடப்பதைப் பார்த்தால், சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க யாராலும் முடியாது.

ஏன் தடை செய்தார்கள்?

1907 ஏப்ரலில், பெனல்லா, வாங்கரட்டா இரு ஊர்களில் படத்தைக் காட்டக் கூடாது என்று விக்டோரியா அரசு உத்தரவிட்டது. மெல்போர்னில் கூட்டம் கூட்டமாகப் பார்த்த அதே படம். வரைபடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். இரண்டும் கெல்லி கும்பல் திரிந்த வட்டாரத்தின் நடு ஊர்கள், கிளென்ரோவன் அவற்றுக்கு இடையில் கிடக்கிறது. மெல்போர்ன்காரனுக்கு அது பழைய பரபரப்பு. பெனல்லாக்காரனுக்கு அது பக்கத்து வீட்டு விவகாரம். கொல்லப்பட்ட போலீசாரின் உறவுகள், கும்பலுக்குச் சோறு போட்டவர்கள், காட்டிக்கொடுத்தவர்கள், காட்டிக்கொடுத்ததாகப் பழி சுமந்தவர்கள் எல்லோரும் அங்கே ஒரே சந்தைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். நெட்டின் தாய் எல்லன் அப்போது உயிரோடு இருந்தார், 1923-இல்தான் இறந்தார். தம்பி ஜிம் 1946 வரை வாழ்ந்தார். இவர்கள் நடுவே ஷெரிட்டின் சாவைத் திரையில் போட்டால் என்ன ஆகும் என்று ஓர் அதிகாரி பயந்ததில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இளைஞர் கெட்டுப்போவார்கள் என்ற வழக்கமான கவலையும் சேர்ந்துகொண்டது. பல்லாரட் நகரில் சிறுவர்கள் சிலர் இந்தப் படத்தின் பாதிப்பில் துப்பாக்கியோடு பள்ளிப் பிள்ளைகளை மறித்த சம்பவம் அந்தக் கவலைக்கு எண்ணெய் வார்த்தது.

தடை இந்த ஒரு படத்தோடு நின்றதா?

நின்றிருந்தால் வரலாறே வேறு. கெல்லி படத்தின் வசூலைப் பார்த்து மற்றவர்களும் காட்டுவழிக் கொள்ளையர் கதைகளில் இறங்கினார்கள். ஆஸ்திரேலியர்கள் அவர்களை புஷ்ரேஞ்சர் என்பார்கள். 1910, 1911 ஆண்டுகளில் குதிரை, துப்பாக்கி, வழிப்பறி என்று படங்கள் குவிந்தன. 1911-இல் அவ்வளவு முழுநீளப் படங்களை வேறெந்த நாடும் எடுக்கவில்லை என்று சொல்லும் அளவுக்கு ஆஸ்திரேலியா பரபரப்பாக இருந்தது.

அப்போது விழுந்தது வெட்டு. 1911-இல் தெற்கு ஆஸ்திரேலியா, 1912-இல் நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் புஷ்ரேஞ்சர் படங்களுக்குக் கதவடைத்தன. அந்தப் பிடி 1940-கள் வரை தளரவில்லை. சொந்த மண்ணில் விளைந்த ஒரே வெற்றிச் சரக்கு கடையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டுகளில் அமெரிக்கர்கள் தங்கள் கௌபாய்களை வைத்து ஒரு சாம்ராஜ்யமே கட்டினார்கள், அந்தப் படங்களை ஆஸ்திரேலியக் கொட்டகைகளும் தாராளமாக ஓட்டின! உள்ளூர்க் கொள்ளைக்காரன் ஆபத்தானவன், டெக்சாஸ் கொள்ளைக்காரன் பொழுதுபோக்கு. ஆஸ்திரேலியத் திரைத்தொழில் படுத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. விநியோகத்தையும் அரங்குகளையும் ஒரே கூட்டு நிறுவனம் வளைத்துப்போட்டது அதில் பெரியது. ஆனாலும் தடையின் பங்கு சிறியதில்லை.

இவ்வளவு ஓடிய படம் எப்படித் தொலைந்தது?

நன்றாக ஓடியதாலேயே என்று சொல்லலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் என்று பிரதிகள் ஊர் ஊராகச் சுற்றின. பல்சக்கரத்தில் மாட்டிக் கிழிந்தால் வெட்டி ஒட்டுவார்கள், ஒட்டி ஒட்டித் தேய்ந்தால் எறிந்துவிடுவார்கள். அன்றைய சுருள் நைட்ரேட் வகை. சீக்கிரம் தீப்பிடிக்கும், வைத்திருந்தால் பிசுபிசுத்துப் பொடியாகும். ஓட்டி முடித்த படத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் கிடையாது. 1970-களின் நடுப்பகுதி வரை கையேடும் சில புகைப்படங்களும்தான் மிச்சம், படம் போயே போச்சு என்று எல்லோரும் கை கழுவியிருந்தார்கள்.

பிறகு எப்படிக் கிடைத்தது?

கொசுறு கொசுறாக. 1976-இல் ஐந்து சின்னத் துண்டுகள், சேர்த்தால் சில நொடிகள் தேறும். 1978-இல் முன்பு படக்காட்சி நடத்திய ஒருவரின் சேகரிப்பில் 64 மீட்டர் சுருள். 1980-இல் ஒரு குப்பைமேட்டில் இன்னும் கொஞ்சம். குப்பைமேடு என்று அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமான குப்பைமேடு.

பெரிய புதையல் 2006-இல் பிரிட்டனிலிருந்து வந்தது. 11 நிமிடம். யங்ஹஸ்பண்ட் பண்ணைக் காட்சி அதில் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. படம் வெளியான நூறாவது ஆண்டு அது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் எல்லாத் துண்டுகளையும் கணினியில் சீர்செய்து, கையேட்டின் வரிசைப்படி கோத்து அதே ஆண்டில் வெளியிட்டது. நாட்டை விட்டு வெளியே போன பிரதி பிழைத்தது, வீட்டில் இருந்தது அழிந்தது.

'பெர்த் துண்டு' என்று ஒன்றைப் பற்றிப் படித்தேன். அது என்ன?

ஷெரிட் சுடப்படும் காட்சியைக் கொண்ட ஒரு சிறு துண்டு. பின்னால் நிற்பது வரைந்த கித்தான் என்று பார்த்தவுடன் தெரியும். உடை, ஆட்கள், தட்டியின் தரம் எதுவும் மற்றத் துண்டுகளோடு பொருந்தவில்லை. அதனால் இது வேறொரு கெல்லி படத்திலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு படம் ஓடினால் அதே கதையில் இன்னொன்று முளைப்பது சினிமா பிறந்த கையோடு பிறந்த வழக்கம்.

இப்போது பார்த்தால் அலுக்காதா?

வெட்டு வெட்டாக ஓடும் இன்றைய படத்துக்குப் பழகிய கண்ணுக்கு முதல் இரண்டு நிமிடம் கஷ்டம். கேமரா நட்ட இடத்தில் நிற்கும். முகத்தை நெருங்கிக் காட்டாது. யார் நெட், யார் டான் என்று பிரிப்பதே வேலை. சத்தமில்லாமல் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு சிரட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போடுங்கள். விளக்கம் சொல்பவர் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கதை போதும்.

பண்ணைக் காட்சியில் சுற்றியிருப்பவர்களைக் கவனியுங்கள். சிறைபிடிக்கப்பட்டவர்கள் கூட்டமாக அங்கும் இங்கும் ஓட்டப்படுவார்கள். சட்டத்தின் ஓரத்தில் குதிரைகள் தங்கள் பாட்டுக்கு அசையும். கித்தான் சுவர் வரும் காட்சியில் ஆட்களின் நிழலைப் பாருங்கள். 'வீட்டுக்குள்' வெயில் அடிக்கும்.

பிறகு கடைசிக் காட்சி. நெட் கவசத்தோடு மரங்களுக்கிடையே கேமராவை நோக்கி வருகிறான். போலீசார் நமக்கு முதுகு காட்டி நின்று சுடுகிறார்கள். ஆக நாமும் அவர்கள் வரிசையில்தான் நிற்கிறோம், அவன் நம்மை நோக்கித்தான் வருகிறான். சுருளின் இந்தப் பகுதியை நைட்ரேட் அரித்துவிட்டது. படம் முழுக்கக் கொப்புளமும் புகையும் நெளிவதுபோல் வெள்ளைத் திட்டுகள். அவற்றின் ஊடே அந்த இரும்பு வாளித் தலை ஆடி ஆடி வருகிறது. காலில் குண்டு படுகிறது. விழுகிறான். ஆட்கள் ஓடிப்போய் மொய்க்கிறார்கள், தலைக்கூட்டைக் கழற்றப் பார்க்கிறார்கள்.